கமலாவைக் கொண்டாடினோம், சரி

அமெரிக்காவில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

2020 நவம்பரில் மன்னார்குடி அருகே, கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டு, பட்டாசு வெடித்து, துணை அதிபர் தேர்தலில் அவர் பெற்ற வெற்றியைக் கொண்டாடினார்கள். நாமும் சளைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாட்டு உரையில் அவர் ‘சித்தி’ என்று சொன்ன துணுக்கை யார் யாருக்கெல்லாம் அனுப்பினோம்! அதில் தப்பே இல்லை. ஆனால் அதே உரையில் மேரி மெக்லாய்டு பெத்யூன், ஃபேனி லூ ஹேமர், ஷெர்லி சிஷோம் என்று கறுப்பினப் பெண்களின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். அந்தப் பகுதி நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரவே இல்லை.

இவர்களில் ஹேமர் போன்ற உரிமைப் போராளிகள் அடிபட்டு, சிறைபட்டு நடத்திய போராட்டத்தால்தான் 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே குடியேற்றச் சட்டமும் மாறியது. நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

கமலாவின் தாய் ஷியாமளா, ஜமைக்காவில் பிறந்த டொனால்ட் ஹாரிஸை 1963இல் மணந்தார். தன் பெண்கள் இருவரையும் இந்த நாடு கறுப்பினப் பெண்களாகவே பார்க்கும் என்று தெரிந்து, அந்தப் பெருமையோடே வளர்த்தார். நாமோ மகளின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். 2024இல் டிரம்ப், கமலா திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று பேசியபோது நமக்குக் கோபம் வந்தது. அவரை ‘நம்ம பொண்ணு’ என்று மட்டுமே சொல்லித் திரிந்த நமக்கு அந்தக் கோபத்தில் எவ்வளவு உரிமை உண்டு?

புகழ்பெற்ற ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்தால் கறுப்பினத்தவரைப் பற்றிய நம் மனம் மாறும் என்கிறார்கள். கொஞ்சம் மாறும்தான். ஆனால் ‘இவங்க வேற மாதிரி’ என்று அவரை மட்டும் தனியே தூக்கி வைத்துவிட்டு, வீடு பார்க்கும்போது “அந்தப் பக்கம் வேண்டாங்க, ஏரியா சரியில்லை” என்பதும் நாம்தானே? பின்சீட்டில் இருக்கும் பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறது.

புகழ்பெற்ற கறுப்பினப் பெண்களையே அந்தப் புகழ் முழுதாகக் காப்பதில்லை. 2017இல் பிரசவமான மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு மூச்சுத் திணறியது. முன்பே ரத்தக்கட்டி வந்த உடம்பு; என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து சிடி ஸ்கேன் கேட்டார். வலிமருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன. செரீனாவுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத பெண்ணுக்கு? 2021இல் இந்நாட்டில் கறுப்பினத் தாய்மாரிடையே ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 69.9 பேர் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மாரிடையே 26.6 பேர்.

நம்மிடையே மருத்துவர்களும் செவிலியர்களும் ஏராளம். முதல் வேண்டுகோள் அவர்களுக்குத்தான்: ஒரு கறுப்பினப் பெண் “வலிக்கிறது” என்றால் நம்புங்கள், சோதித்துப் பாருங்கள்.

தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்களே, உங்கள் ஊர் நூலகரோ பள்ளி முதல்வரோ கறுப்பினப் பெண்ணாக இருந்தால் ஆண்டு விழாவுக்கு அழையுங்கள். மேடையில் கமலாவைப் பற்றிக் கேட்காமல் அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

பெற்றோர்களே, மகன் ஒரு கறுப்பினத் தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தால், முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். சமையலறைக்குள் போய்த் தமிழில் கிசுகிசுக்க வேண்டாம். தொனி அவளுக்குப் புரியும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில