ஒன்பது கண் படைத்த குருடு

சென்ற ஞாயிறன்று காலையில் ஒரு பத்திரிகையின் சிறுவர் பகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவின் சிற்றோடைகளில் வசிக்கும் ஓடை லாம்ப்ரே என்ற சாது ஜந்துவின் படத்தைப் போட்டு, அதன் அடியில் ‘ரத்தம் உறிஞ்சும் விலாங்கு’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு, கையிலிருந்த காபி ஆறிப்போகும் வரையில் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்றே சொற்கள், அவற்றில் இரண்டு அபாண்டம்.

‘விலாங்கு’ என்ற அபாண்டத்துக்கு மூலகாரணம் எதுவென்பது இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்: என் மேஜைமேல் கிடக்கும் தடித்த அகராதிதான். அயல்நாட்டு ஜீவராசி எது வந்து நின்றாலும், உள்ளூர்ப் பிராணி ஒன்றின் பெயரைப் பிடுங்கி அதன் தலையில் கட்டி அனுப்பிவிடும் அதன் சுபாவத்தைப் பற்றி ஏற்கனவே மூன்று வாரம் புலம்பியிருக்கிறேன். நான்காவது வாரமும் புலம்பப் பாத்தியதை உண்டு. விலாங்குக்குத் தாடை உண்டு, எலும்பு உண்டு, தோலுக்குள் புதைந்த பொடிச் செதில்கள்கூட உண்டு. லாம்ப்ரேக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது; வட்டமான வாயும் குருத்தெலும்பும் வழுவழுத்த தோலுமே அதன் ஆஸ்தி. வம்சாவளியை ஆராயப் புகுந்தால், விலாங்குக்கு லாம்ப்ரேயைக் காட்டிலும், தாடையுள்ள நீங்களும் நானும்தான் கிட்டிய பந்துக்கள்.

‘ரத்தம்’ அதைவிடக் கொடிய பழி. கடலுக்குப் போய் மீன்களைக் கவ்விப் பிழைக்கும் லாம்ப்ரேக்கள் இருக்கின்றன என்பது மெய்தான். ஆனால் ஓடையிலேயே பிறந்து ஓடையிலேயே மடியும் இந்தப் பென்சில் பருமனுள்ள ஜீவனோ, முட்டையிலிருந்து வெளிப்பட்டதும் நீரோட்டம் மந்தமான இடத்துச் சேற்றில் புதைந்து, கண்கள் தோலுக்கடியில் மறைந்து கிடக்க, நீரோடு வரும் நுண்பாசிகளையும் மக்கிய துகள்களையும் தொண்டைக் கோழையில் சிக்கவைத்து விழுங்கிக்கொண்டு, ஐந்தாறு வருஷங்களை இருட்டிலேயே கழித்துவிட்டு, ஒரு கோடையின் கடைசியில்தான் உருமாறத் தொடங்குகிறது. கண் திறக்கிறது; வாயில் பல் முளைக்கிறது; அதே சமயத்தில் குடல் சுருங்கிப்போகிறது. பல் வந்த பிறகு அது எதையும் தின்பதே இல்லை! அடுத்த வசந்தத்தில், கூழாங்கல் பரவிய தெளிந்த ஓட்டத்தில் நாலைந்தாகக் கூடி, கற்களை வாயால் உறிஞ்சிப் பற்றி, உடலை முறுக்கி இழுத்து அப்புறப்படுத்தி, ஒரு குழி பறித்து, அதில் முட்டையிட்டுவிட்டுச் சீக்கிரமே இறந்துபோகிறது. ‘உறிஞ்சும்’ என்ற நடுச்சொல்லை நான் மன்னித்தது இந்தக் கற்களுக்காகத்தான்.

பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். லியோன்ஹார்ட் பால்ட்னர் குறுக்கே வந்துவிட்டார். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மீன் பிடித்து ஜீவித்த அந்த மனிதர், தம் ஊர் நீர்நிலைகளில் கண்ட பறவைகளையும் மீன்களையும் வர்ணச் சித்திரங்களோடு விவரித்து, 1666-ல் ஒரு கையெழுத்துப் புத்தகம் தயாரித்தார். சேற்றில் கிடக்கும் குருடும் கல் இழுக்கும் லாம்ப்ரேயும் ஒரே பிராணியின் இரண்டு பருவங்கள் என்பது அந்த வலைஞருக்குத் தெரிந்திருந்தது. பண்டிதர்களுக்குத் தெரியவில்லை. 1758-ல் லின்னேயஸ் குழந்தையைத் தனி இனமாகவே எழுதிவைத்தார்; பின்வந்தவர்கள் அதற்கு ஒரு பேரினத்தையே ஏற்படுத்திக் கொடுத்தார்கள். 1856-ல் ஆகஸ்ட் முல்லர் என்ற ஜெர்மானியர் அதன் உருமாற்றத்தை விவரித்த பிறகுதான், ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன் வலையோடு அலைந்தவர் அறிந்திருந்தது சாஸ்திரமாயிற்று.

பால்ட்னரின் பாஷையில் லாம்ப்ரேக்கு ‘ஒன்பது கண்’ என்று பெயர். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கண், தலையுச்சியில் ஒற்றை நாசித்துவாரம், பின்னால் புல்லாங்குழல்போல் வரிசையாக ஏழு செவுள் துவாரங்கள். எல்லாவற்றையும் கண்ணென்றே எண்ணிவிட்டார்கள். அதன் குழந்தையோ ஒரு கண்ணும் தெரியாத குருடு. பண்டிதர்கள் அக்குழந்தைக்கு இட்ட ‘அம்மோசீட்’ என்ற கிரேக்கப் பெயர், தனிப் பிராணி என்ற எண்ணம் பொய்த்துப்போன பிறகும் அந்தப் பருவத்துக்கு வழங்கிவருகிறது. மணலைப் படுக்கையாக உடையது என்று அதற்குப் பொருள். இந்தப் பிழையின்மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு அகராதியின் அபிமானிகள் யாரும் கடிதம் எழுத வேண்டாம்.