சைக்கிள் கவிழ்ந்தால் யார் பொறுப்பு?

சென்ற ஐப்பசி மழையில் என் வகுப்புத் தோழி ஒருத்தி பள்ளிக்கு வரும் வழியில் சைக்கிளோடு விழுந்தாள். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிய பள்ளம் மழையில் உள்வாங்கியிருந்தது. தண்ணீர் நின்றதால் பள்ளமே தெரியவில்லை. வலக்கை மணிக்கட்டு முறிந்து, அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவே இல்லை. “பார்த்து வந்திருக்கக் கூடாதா?” என்று அவளைக் கேட்காதவர் இல்லை. பள்ளத்தைச் சரியாக மூடாதவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்பதும் நம் ஊரில் எளிதன்று. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே செல்லும் திருவண்ணாமலைச் சாலை நெடுஞ்சாலையைச் சேர்ந்தது. ஊர்த் தெருக்கள் பேரூராட்சியின் பொறுப்பு. கிராமச் சாலைகளுக்கு ஊராட்சி ஒன்றியம். கோட்டைக்குத் தொல்லியல் துறை. கிராமத்திலிருந்து வரும் மாணவி அரைமணி நேரத்தில் மூன்று நிர்வாகங்களின் எல்லையைக் கடந்துவிடுகிறாள்!

மோட்டார் வண்டி மோதிக் காயமடைந்தால் இழப்பீடு கேட்கத் தனித் தீர்ப்பாயம் உண்டு. சைக்கிளில் வந்து பள்ளத்தில் விழுந்தவளுக்கு அந்த வாசல் இல்லை. மோட்டார் வண்டியும் இல்லை, அதற்குரிய இன்சூரன்சும் இல்லை. சிவில் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான பழைய விதி இருந்தது. சாலையைத் தோண்டிக் கெடுத்தால் நிர்வாகம் பொறுப்பு. பழுது பார்க்காமல் சும்மா விட்டுவிட்டால் பொறுப்பில்லை. சோம்பலுக்குப் பரிசு கொடுத்த இந்த விதியை 1961இல் சட்டம் இயற்றி நீக்கினார்கள். நம் நாட்டில், டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியையே பொறுப்பாக்கியது. நாற்பது நாற்பத்தைந்து ஆண்டுகளே தாங்கக்கூடிய கட்டடம் எண்பது ஆண்டுகள் நின்றிருந்தது. அதைச் சோதித்துப் பார்ப்பது உடையவரின் கடமை என்றது. ஆனால் 1997இல், ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்ததற்கு மாநகராட்சி பொறுப்பில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்மையில், 2025 அக்டோபரில், பம்பாய் உயர் நீதிமன்றம் சாலைப் பள்ளத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தவர்களுக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் தரவேண்டும் என்றது. அந்த உத்தரவு மகாராஷ்டிரத்துக்கு உரியது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் கருத்து.

“சிறிய ஊர்களின் வருமானம் என்ன தெரியுமா?” என்று அப்பா கேட்கிறார். நியாயந்தான். ஆனால் ஒரு வண்டி ஜல்லிக்கும் ஒரு சிவப்புத் துணிக்கும் எவ்வளவு செலவாகும்? அரசு, உதவி பெறும் பள்ளி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் அரசாங்கம், அது ஓடுவதற்குப் பாதையும் தரவேண்டுமன்றோ?

“எங்களுக்குத் தெரியாது” என்பதே அலுவலகங்களின் முதல் பதில். ஆகவே, தோழியரே, தெருவின் பெயர், தேதி, பள்ளம் இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து எழுத்தில் கொடுப்போம். நகலில் முத்திரை பெற்று வைத்துக்கொள்வோம். அதன்பின் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. என் மனுவைத் தமிழாசிரியை திருத்திவிட்டார். நான்கு ஒற்றுப்பிழைகள்! திங்கட்கிழமை பெற்றோருடன் சென்று கொடுக்கிறேன். என் தோழி இடக்கையால் கையெழுத்திட்டிருக்கிறாள்.