ஸ்ட்ரெச்சர் எங்கும் நிற்கக் கூடாது!

தோழர்களே! டியூட்டி டாக்டர்களே, ஸ்டாஃப் நர்ஸ்களே, சி.டி. டெக்னீஷியன்களே, ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன்மாரே, அக்காமாரே, 108 தோழர்களே!

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு என்று படித்தோம். அது கடைசி எல்லை. அதுவரை ஆற அமரப் போகலாம் என்று யாரும் நமக்கு அனுமதி தரவில்லை.

கை கால் இழுத்துக்கொண்டவரை வீட்டார் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்று ஓயாமல் சொல்கிறோம். உண்மைதான். நம் வாசலுக்குள் வந்த பிறகு வீணாகும் நேரத்துக்கு யார் பொறுப்பு? நாம்தான், தோழர்களே!

தினமும் நடப்பதைப் பாருங்கள். வாய் கோணி, வலது கை துவண்டு ஒரு பெரியவர் வருகிறார். கூட வந்த மகனை ஓ.பி. சீட்டு போட்டு வா என்று அனுப்புகிறோம். பிறகு ஆதார் ஜெராக்ஸ். இங்கே டாக்டர் கேட்கிறார்: “எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?” பெரியவருக்குப் பேச்சு வரவில்லை. பதில் தெரிந்த ஒரே ஆள் வரிசையில் நிற்கிறான்! ஸ்ட்ரெச்சரோ சி.டி. அறைக்கு வெளியே, சுவரோரம்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998இல் நோயாளி உள்ளே வந்து ஊசி போட 105 நிமிடம் ஆனது. 2011இல் 20 நிமிடம்! மந்திரம் எதுவுமில்லை. ஆம்புலன்ஸிலிருந்தே தகவல் வந்துவிடும். நோயாளி வந்து சேர்வதற்குள் பழைய விவரங்கள் கையில் இருக்கும். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக சி.டி.க்குப் போவார், ஊசி அந்த மேசையிலேயே ஏறும். மெல்போர்னில் ஒரு மருத்துவமனை இதைப் பின்பற்றி வேலை நேரத்தில் 25 நிமிடத்துக்கு வந்தது. ஆனால் இரவிலும் விடுமுறை நாளிலும் அங்கே பெரிய மாற்றம் இல்லை. இரவு டியூட்டித் தோழர்களே, அதனால்தான் உங்களைத் தனியாக அழைக்கிறேன்.

மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் இந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடக்கூடும். எனவே சி.டி.யை விட முடியாது. ரத்தச் சர்க்கரையை விரல் நுனியில் குத்திப் பார்த்துவிடலாம். ரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே வர வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடாதவருக்கு, சந்தேகப்பட வேறு காரணமும் இல்லாதபோது, மற்ற லேப் ரிப்போர்ட்டுக்காக ஏன் காத்திருக்கிறோம்? ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் தொடங்கும் வழக்கம்தான் நம்மைத் தின்கிறது. நர்ஸ் ஊசி வழி போடும்போதே டாக்டர் மகனிடம் பேசட்டும், டெக்னீஷியன் மேசையைக் காலி செய்யட்டும், நரம்பியல் டாக்டர் போனில் இருக்கட்டும்!

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். கூடுதல் ஆள் கேட்கும் போராட்டத்தில் நானும் உங்களோடு நிற்பேன், நின்றுகொண்டே இருப்பேன். ஆனால் மருந்தை ஸ்டோரின் பூட்டிலிருந்து எடுத்து சி.டி. அறைக்குக் கொண்டுவரப் புதுப் பணியிடம் வேண்டாம். சீட்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று கவுன்டரில் சொல்லி வைக்க அரசாணை வேண்டாம்.

108 தோழர்களே! பக்கவாதம் என்று சந்தேகம் வந்த நொடியே போன் செய்யுங்கள். தொடங்கிய நேரத்தையும் உறவினர் செல் நம்பரையும் சொல்லுங்கள். சி.டி. இல்லாத இடத்தில் இறக்கி, மறுபடி ஏற்றி அலைய வேண்டாம். விவரம் தெரிந்தவரை வண்டியிலேயே ஏற்றி வாருங்கள்.

இன்று இரவு டியூட்டி மாறும்போது எல்லோரும் சி.டி. அறை வாசலுக்கு வாருங்கள். வெற்று ஸ்ட்ரெச்சரை கேட்டிலிருந்து தள்ளி வந்து ஒத்திகை பார்ப்போம். எங்கே நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறிப்போம். அந்தத் தடையை நாளைக் காலை டியூட்டிக்குள் அகற்றுவோம். வாருங்கள் தோழர்களே!