படம் எப்படி சார்?

வெள்ளிக்கிழமை மதியம் ஏதாவது ஒரு தியேட்டர் வாசலில் போய் நின்று பாருங்கள். முதல் காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வரும். எதிரே மைக். "ப்ரோ, படம் எப்படி?" நம் ஆள் ஒரு விநாடிகூட யோசிப்பதில்லை. "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக், பி.ஜி.எம். மாஸ், ஃபேமிலியோட ஒரு தடவை பார்க்கலாம்." அடுத்தவர் வருகிறார். அதே வாக்கியம். லேக் மட்டும் ஃபர்ஸ்ட் ஹாஃபுக்கு இடம் மாறியிருக்கும்.

மைக்கைப் பார்த்தால் யாருக்கும் நாக்கு குழறும், அதை விட்டுவிடலாம். மைக் இல்லாத இடத்தில் என்ன பேசுகிறோம்? ஆபீஸ் கேன்டீனில், ஷேர் ஆட்டோவில், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்? அங்கேயும் இதேதான். படத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் இந்த அபிப்பிராயத்தை வேறு எந்தப் படத்துக்கும் ஒட்டிக்கொள்ளலாம். பந்தியில் சாம்பாரைப் பற்றிச் சொல்பவர்கூட முருங்கைக்காயா, சின்ன வெங்காயமா என்று சொல்லிவிடுகிறார். இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பார்த்த படத்தில் ஒரு காட்சியைக்கூட நம்மால் சொல்ல முடியவில்லை.

இந்த 'லேக்' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை நகரவில்லை என்றாலும் லேக். ஹீரோ பத்து நிமிஷம் திரையில் இல்லை என்றாலும் லேக். ஒரு பெண் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் லேக். நடுவில் நீங்கள் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு, விட்ட இடம் புரியாமல் முழித்தாலும், அதுவும் லேக்தான். நாலு வேறு வேறு வியாதிக்கு ஒரே மாத்திரை.

இதைவிடக் கொடுமை கலெக்ஷன். பிளஸ் டூ படிக்கிற பையன், மாமாவிடம் பாக்கெட் மணி வாங்கித்தான் டிக்கெட்டே எடுத்திருக்கிறான். அவன் சொல்கிறான்: "மாமா, வேர்ல்டு வைடு கிராஸ் நூறு கோடி!" கிராஸ் என்றால் என்னப்பா என்று கேட்டுப் பாருங்கள். வரி, தியேட்டர்காரர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் கழிவதற்கு முந்தைய மொத்தத் தொகை அது. போஸ்டரில் போடுகிற அந்தத் தொகையை மூன்றாவது மனிதர் யாரும் தணிக்கை செய்து கையெழுத்துப் போடுவதும் இல்லை. அந்தக் கோடியில் ஒரு ரூபாய்கூட நமக்கு வரப்போவதில்லை. போனது நம்முடையது. பணத்தைப் பறிகொடுத்தவனே, பெற்றுக்கொண்டவனின் கல்லாவை எண்ணிச் சந்தோஷப்படுகிற விநோதம் வேறெந்த வியாபாரத்திலாவது உண்டா? பருப்பு வாங்கிவிட்டு மளிகைக் கடைக்காரரின் லாபத்தைக் கொண்டாட நாம் பால் குடத்தோடு போவதில்லை.

'ரசிகர்கள் எப்பவும் இப்படித்தான் சார், நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க' என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

1978 ஆகஸ்டில் 'முள்ளும் மலரும்' வந்தது. மகேந்திரனுக்கு டைரக்டராக முதல் படம். வசனம் குறைவு. முதல் ஓரிரு வாரம் தியேட்டரில் பெரிய கூட்டமில்லை. பார்த்துவிட்டு வந்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொன்னார்கள். மூன்றாவது, நாலாவது வாரத்தில் படம் பிடித்துக்கொண்டு நூறு நாளைத் தாண்டியது. 1999 டிசம்பரில் வந்த 'சேது'வுக்கும் இதே கதைதான். பாலா புதியவர், விக்ரம் அதுவரை ஜெயிக்காதவர். வாங்குவதற்கு ஆள் கிடைக்காமல் திண்டாடி, புறநகர் தியேட்டரில் பகல் காட்சியாக ஆரம்பித்த படம். அதையும் தூக்கி நிறுத்தியது வாய் வார்த்தைதான். போஸ்டருக்கோ பேனருக்கோ அதில் பெரிய பங்கு கிடையாது. டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்ன அபிப்பிராயம்.

அதாவது, ரசிகனின் பேச்சுக்கு அவ்வளவு பலம் இருந்தது. அந்தப் பேச்சில் சரக்கும் இருந்திருக்க வேண்டும். தங்கையை அவள் விரும்பியவனுக்கே கொடுத்துவிட்டு, அப்போதும் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே, உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்கிற அண்ணன். 'முள்ளும் மலரும்' பற்றி இது ஒன்றைச் சொன்னால் போதுமே, கேட்கிறவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட மாட்டானா? 'ரஜினி மாஸ், கிளைமாக்ஸ் ஓகே' என்று சொல்லியிருந்தால் யார் போயிருப்பார்கள்?

இன்றைக்கு ஒரு சின்னப் படத்துக்கு மூன்றாவது வாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. வெள்ளிக்கிழமை வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கூட்டம் சேரவில்லை என்றால் திங்கட்கிழமை காட்சிகள் குறைகின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஸ்கிரீன் வேறு யாருக்கோ. படம் உயிரோடு இருப்பதே மூன்று நாள். அந்த மூன்று நாளில் நாம் உதிர்க்கிற முத்து: "ஓ.டி.டி.ல வரட்டும், பாத்துக்கலாம்."

பிறகு பத்து வருஷம் கழித்துக் கண்ணீர் விடுவோம். 2003 பொங்கலுக்கு 'தூள்' வந்தது, 'அன்பே சிவம்' வந்தது. 'தூள்' ஓடியது. எனக்கும் அதில் வருத்தமில்லை, நல்ல விறுவிறுப்பான படம். ஆனால் இன்று பத்துப் பேரிடம் பிடித்த படம் கேட்டால் ஆறு பேர் 'அன்பே சிவம்' என்கிறார்கள். ஐயா, இத்தனை பேரும் அந்தப் பொங்கலுக்கு எங்கே போயிருந்தீர்கள்? 2011-ல் 'ஆரண்ய காண்டம்' கதையும் இதேதான். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அதற்கு வந்தது. தியேட்டரில் ஆள் வரவில்லை. தியாகராஜன் குமாரராஜாவின் அடுத்த படம் 'சூப்பர் டீலக்ஸ்' வர 2019 ஆயிற்று. நடுவில் எட்டு வருஷம்! எல்லாப் பழியும் நம் தலையில்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் டி.வி.டி.யிலும் டி.வி.யிலும் பார்த்து உருகியவர்கள் அந்த மூன்று நாளில் வாயைத் திறந்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தயாரிப்பாளர்கள் கை தட்ட வேண்டாம். 2024 நவம்பரில் 'கங்குவா'வுக்குப் பிறகு, தியேட்டர் வளாகத்துக்குள் யூ-டியூப்காரர்களை விடாதீர்கள் என்று அவர்களது சங்கம் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே, முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அபத்தம். ஓட்டலில் சாப்பிட்டவன் உப்பு இல்லை என்பதை மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல வேண்டுமா? பாப்கார்னுக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து அழுதுவிட்டு வருகிறவனுக்கு, படம் மோசம் என்று முதல் காட்சி முடிந்த கையோடு சொல்லச் சகல உரிமையும் உண்டு. பட பூஜை அன்றைக்கே 'பிரமாண்டம்' என்று மைக் வைத்துப் பேசியவர்கள் நாமல்ல. ஊதியவர்களுக்கே ஊசி குத்தும்போது வலிக்கிறது.

என் சண்டை அந்தத் திட்டோடு இல்லை. எதைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டுவதோடுதான். அந்த நடிகர் பிடிக்கும், அதனால் படம் சூப்பர். இந்த நடிகர் பிடிக்காது, அதனால் டைட்டில் கார்டிலேயே குப்பை. இரண்டு பேருமே படத்தைப் பார்க்கவில்லை. டிக்கெட் மட்டும் எடுத்திருக்கிறார்கள். சிலர் அதுகூட எடுப்பதில்லை.

அடுத்த முறை யாராவது படம் பார்த்துவிட்டு வந்தால் 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'எந்த சீன் ஞாபகம் இருக்கு?' என்று கேளுங்கள். கொஞ்சம் முழிப்பார்கள். விடாதீர்கள். போன வாரம் ஒரு நண்பரிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "இன்டர்வல்" என்றார்.

அது உண்மையான விமர்சனம்.