குப்பைக்கு எந்தத் தொட்டி?

பி.காம் படிக்கிறவனுக்கும் மட்கு உரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1,850 ரூபாய் சம்பந்தம். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு.

போன வருஷம் சித்திரையில் அம்மாவின் மாடித்தோட்டத்துக்காக இணையத்தில் ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்தேன். பச்சை நிறம், இறுக்கமான மூடி, அடியில் ஒரு குட்டிக் குழாய். பார்க்க அம்சமாக இருந்தது. 'நாற்றம் வராது' என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாள் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். "தம்பி, மாடியில எலி எதுவும் செத்துக் கெடக்கா?"

நாங்கள் இருப்பது மதுரையில் வாடகை வீடு. மொட்டை மாடி அவர்களுடையது, செடி வைக்க அனுமதித்ததே பெரிய விஷயம். "இன்னொரு தடவ இந்த வாடை வந்துச்சுன்னா தொட்டி கிட்டி எல்லாத்தையும் காலி பண்ணிருங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். காலி செய்வதென்றால் 22 சட்டிகள். அதில் ஆச்சி வீட்டிலிருந்து பதியன் போட்டுக் கொண்டுவந்த மல்லிகையும் உண்டு. ஆச்சியும் இப்போது இல்லை, அந்த வீடும் இல்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது! நான் வாங்கியது கம்போஸ்ட் தொட்டியே இல்லை. அது ஜப்பான்காரர்களின் பொக்காஷி முறைக்கான வாளி. அதில் நடப்பது மட்குதல் அல்ல, புளிக்க வைத்தல். நுண்ணுயிர் கலந்த தவிட்டை ஒவ்வொரு அடுக்குக்கும் தூவி, காற்றுப் புகாமல் மூடி, நிறைந்த பிறகு இரண்டு வாரம் வைத்திருந்து, அதற்கும் பிறகு மண்ணில் புதைக்க வேண்டும். தவிடு போடாமல் காய்கறித் தோலையும் பழைய சோற்றையும் கொட்டி மூடினால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் ஆனது ஆகும். விற்ற கடையின் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'கிச்சன் கம்போஸ்ட் பின்' என்று மட்டும்தான் இருந்தது.

இதில் வணிகவியல்காரன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரிண்டரை மலிவாக விற்று மையில் சம்பாதிக்கிற கதை நமக்கெல்லாம் தெரியும். இதுவும் அதேதான். தொட்டி ஒருமுறைச் செலவு. தவிடு, கோகோபீட் கட்டி, 'ஆக்டிவேட்டர்' தூள் எல்லாம் மாதாமாதம் வரும் செலவு. ஆனால் நாம் தொட்டியின் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறோம். என் கருத்து, தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சருகு எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஏன் சருகு? மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு சுமார் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் என்ற கணக்கில் சாப்பாடு வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம், போதாததற்கு முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் கொட்டினால் கூழாகி அமுங்கி, நடுவில் காற்றுக்கு இடமே இருக்காது. காற்று இல்லாத இடத்தில் வேறு வகைக் கிருமிகள் வேலையை எடுத்துக்கொள்ளும், அழுகின முட்டை வாடை வரும். சருகு கார்பனும் கொடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும், இடைவெளியும் விடும். ஒரு கை கழிவுக்கு இரண்டு கை சருகு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

சருகு இருந்துவிட்டால் ஓட்டை போட்ட எந்தப் பாத்திரமும் தொட்டிதான். சருகு இல்லையென்றால் எந்த விலைத் தொட்டியும் நாறும்.

எல்லாத் தொட்டியும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டுத் தோட்டப் பக்கங்களில் காட்டுகிற அடிப்பாகம் இல்லாத கறுப்புக் கூம்பு, குளிர் நாட்டில் மண் தரையில் வைப்பதற்கானது. கறுப்பு நிறம் வெயிலை இழுத்து உள்ளே சூடாக வைக்கும். மதுரை மாடியில் அந்த உதவி நமக்குத் தேவையா? சிமெண்ட் தரையில் வைத்தால் கசிவு முழுக்கத் தளத்தில் ஓடும். மண்புழுத் தொட்டியும் நல்லதுதான், ஆனால் 35 டிகிரியைத் தாண்டினாலே புழுக்கள் தாங்காது. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் வைப்பது பாவம். உருட்டுகிற டிரம் கிளறும் வேலையை மிச்சப்படுத்தும், பெரிய வீட்டுக்குச் சரி.

மண்பானை அடுக்குதான் எனக்கு மனசுக்குப் பிடித்தது. பெங்களூரில் 2006-ல் தொடங்கிய டெய்லி டம்ப் இதைப் பிரபலமாக்கியது. சுட்ட மண் மூச்சு விடும், அதிக ஈரத்தை வெளியே விட்டுவிடும். மானாமதுரை மாதிரி மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர் பக்கத்தில் இருக்கும்போது அங்கேயே சொல்லிச் செய்யலாமே என்றும் தோன்றியது. ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி. ஈரக் குப்பையோடு பானையைத் தூக்கி மாற்றி அடுக்குவது நானில்லாத நாளில் நடக்காது. யார் தினமும் அதைத் தொடப்போகிறார்களோ அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பரிசு கொடுக்கிற பையன் அல்ல. (மண் தரை உள்ள வீட்டுக்காரர்கள் ஊரில் இருக்கிற மாதிரி ஒரு எருக்குழி வெட்டிவிட்டு இந்தப் பதிவை மூடிவிடலாம்.)

கடைசியில் அம்மா கேட்டது மூன்று பெயிண்ட் வாளி. தெருவில் வெள்ளையடித்தவர்களிடம் 20 லிட்டர் வாளிகளை வாங்கி, கம்பியைக் காய்ச்சிப் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட்டோம். ஒன்று நிறைய ஒரு மாதம் ஆகிறது. பிறகு இரண்டு மாதம் சும்மா இருக்கும், வாரம் ஒருமுறை அம்மா குச்சியால் கிளறுவார். நடுவில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தபோது அம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று தீர்க்கிற நல்லவை என்று விளக்கியதில் பாதிதான் நம்பினார். :-)

சருகுக்குத் தெருமுனை வேம்பு. வேம்பு மாசி பங்குனியில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மற்ற மாதங்களில் கையை விரித்துவிடும். எனவே அப்போதே மூட்டை கட்டி வருஷத்துக்கும் இருப்பு வைக்க வேண்டும். சரக்கு மேலாண்மைப் பாடத்தில் தூங்கினவன் நான், சாக்கு எண்ணிக் கற்றுக்கொள்கிறேன்.

"கார்ப்பரேஷன் வண்டி வருதே, எதுக்குடா இந்தப் பாடு?" என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். எங்கள் ஊர்க் குப்பை போய்ச் சேர்கிற வெள்ளைக்கல் கிடங்கு அவனியாபுரம் பக்கம். ஒருநாள் பைக்கில் அந்தப் பக்கம் போய்வா, காற்று உன் பக்கம் அடிக்கும்போது போ என்றேன். எங்கள் மாடியில் பன்னிரண்டு நாள் அடித்ததை அவர்கள் வருஷக்கணக்கில் சுவாசித்திருக்கிறார்கள்.

பச்சைத் தொட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. போன பணம் போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று சங்க் காஸ்ட் பாடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், இருந்தாலும். அம்மாதான் அதைக் கழுவிக் காயவைத்துச் சருகு கொட்டி வைத்தார். மூடி இறுக்கம், மழை புகாது.

வீட்டுக்கார அம்மாவுக்கு நாங்கள் மறுபடி ஆரம்பித்தது தெரியாது. வைகாசியில் மோர்மிளகாய் காயப்போட மேலே வந்தவர் வாளிகளுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து, அரை மணி நேரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது மல்லிகை நன்றாக வந்திருக்கிறதே, என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா "டீத்தூள்" என்று சொல்லிவிட்டார்.