பிள்ளைக்கு விலங்கு, துப்பாக்கி முதலாளிக்குக் கேடயம்!

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், 2024-ம் ஆண்டு பள்ளி திறந்த சில நாட்களிலேயே, 13 வயதுப் பையன் ஒருவன் கைது செய்யப்பட்டான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. தன் பையைத் திறந்து பார்த்தால் வெடித்துவிடும் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறான். பையைச் சோதனை போட்டார்கள். உள்ளே இருந்தது என்ன தெரியுமா? ஒரு பொம்மை முயல்! வெடிகுண்டு இல்லை என்று கண்ணால் கண்ட பிறகும் போலீஸ் அவனைக் கைது செய்து கொண்டுபோயிற்று. சொன்ன சொல்லே குற்றமாம்! பள்ளிக்கூடத்தில் பலரைக் கொல்வதாக மிரட்டுவது அந்த மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் பெருங்குற்றம். மிரட்டியவன் கையில் ஆயுதம் இருந்ததா, அவனுக்கு அந்த எண்ணமாவது இருந்ததா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

இந்தச் சட்டம் ஏன் வந்தது? 2023 மார்ச் 27 அன்று அம்மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் ஒரு கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளிக்குள் புகுந்து, 9 வயதுக் குழந்தைகள் மூவரையும் பெரியவர்கள் மூவரையும் முன்னாள் மாணவர் ஒருவர் சுட்டுக் கொன்றார். கொன்றவருக்கு வயது 28. உள்ளூர்க் கடைகள் ஐந்தில் ஏழு துப்பாக்கிகள் வாங்கி வைத்திருந்தவர். திருட்டுத் துப்பாக்கி அல்ல, கள்ளத் துப்பாக்கியும் அல்ல. ஏழும் சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவை! அவர் மனநலச் சிகிச்சையில் இருந்தவர் என்று போலீஸ் அதிகாரியே சொன்னார். ஒருவர் கையில் ஆயுதம் இருப்பது ஆபத்து என்று கோர்ட்டுக்குக் காட்டி அதைத் தற்காலிகமாக வாங்கி வைக்க, அமெரிக்காவில் 20-க்கு மேற்பட்ட மாநிலங்களில் சட்டம் உண்டு. டென்னஸியில் அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை.

ஜனங்கள் கேட்டது அதைத்தான். ஏப்ரல் 3 அன்று மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறிச் சட்டசபைக் கட்டிடத்தைச் சூழ்ந்தார்கள். அவர்களுக்காகச் சபைக்குள் குரல் எழுப்பிய உறுப்பினர்கள் மூவர். ஏப்ரல் 6 அன்று ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்ஸன் என்ற இரு நீக்ரோ இன இளைஞர்களைச் சபையை விட்டே நீக்கிவிட்டார்கள்! அவர்களோடு நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி குளோரியா ஜான்ஸன் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார். என்ன நியாயம் பாருங்கள்! ஆனால் ஒரு வாரத்துக்குள் அவரவர் ஊர் மன்றங்கள் இருவரையும் அதே சபைக்குத் திருப்பி அனுப்பின.

சரி, குழந்தைகளைக் காக்க அந்தச் சட்டசபை என்ன செய்தது? அதே 2023 மே மாதத்தில், துப்பாக்கிக் கம்பெனிகள்மேல் எளிதில் வழக்குப் போட முடியாதபடி கவர்னர் பில் லீ ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இத்தகைய பாதுகாப்பை நாடு முழுவதற்கும் 2005-லேயே புஷ் சர்க்கார் கொடுத்திருந்தது. அது போதவில்லை போலும்! அக்டோபரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிக் கம்பெனி டென்னஸியில் தன் புதிய தலைமையகத்தைத் திறந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிலவகைத் துப்பாக்கிகளின் தயாரிப்பைத் தடுக்க மசோதா வந்ததைக் காரணம் காட்டித்தான் அது இடம் மாறியது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் தலைமுறை தலைமுறையாக அந்த ஆலையில் உழைத்த தொழிலாளர்களின் கதி? ஆலை இடம் பெயர்ந்தால் யார் வயிற்றில் அடி விழும் என்பதை நம் பஞ்சாலைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் இன்னொரு சட்டம்: ஆசிரியர்களே மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்! கரும்பலகையின் முன்னாலும் முதலாளிக்கு வியாபாரம்.

மிரட்டலைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு 13 வயதுப் பையன் பள்ளியில் சுடுவதாக மிரட்டியதாக 2023 மே மாதம் எப்.பி.ஐ.க்குத் தகவல் போயிற்று. உள்ளூர் அதிகாரிகள் வீட்டுக்குப் போய்த் தகப்பனையும் மகனையும் விசாரித்தார்கள். மகன் மறுத்தான்; கேஸை மூடிவிட்டார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தகப்பன் மகனுக்குத் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தான் என்பது போலீஸ் தரப்பின் குற்றச்சாட்டு. 2024 செப்டம்பர் 4 அன்று அபலாச்சி உயர்நிலைப்பள்ளியில் மாணவர் இருவரும் ஆசிரியர் இருவரும் பிணமானார்கள். விசாரணை நடந்தது உண்மை. ஆனால் அந்த வீட்டுக்குள் புதிய துப்பாக்கி நுழைவதைத் தடுக்க ஒரு விதியும் இல்லையே! பொம்மை முயல் வைத்திருந்தவனுக்குக் காவல்; மிரட்டியதாகப் புகார் வந்த வீட்டுக்குத் துப்பாக்கி. அந்த நாட்டில் ஜனத்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம். தனியார் கையில் சுமார் 39 கோடி என்று 2018-ல் கணக்கிட்டார்கள்.

அபலாச்சிக்குப் பிறகு நாடெங்கும் மிரட்டல்கள் பெருகின, கைதுகளும் பெருகின. ஃபுளோரிடாவில் ஒரு ஷெரீப், 11 வயதுப் பையனைக் கைவிலங்கோடு நடத்திப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினார். அவமானத்தால் திருத்துகிறாராம்! தகப்பன் வாங்கிய துப்பாக்கியை எடுத்தது பிள்ளையானால், பூட்டி வைக்காத தகப்பனைக் கேட்க வேண்டாமா? மிச்சிகனில் கேட்டார்கள். 2021 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனுக்கு அந்தத் துப்பாக்கியைச் சில நாட்களுக்கு முன்புதான் வாங்கித் தந்திருந்தார்கள். பெற்றோர் இருவருக்கும் 2024-ல் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. நல்லது. ஆனால் வாங்கியவன் வரைக்கும் நீண்ட சட்டத்தின் கை, விற்றவன் வாசலில் மடங்கி நின்றுவிடுகிறது.

அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் இலாகா, நடக்காமல் தடுக்கப்பட்ட 67 பள்ளிக் கொலைத் திட்டங்களை ஆராய்ந்து 2021-ல் அறிக்கை வெளியிட்டது. தடுத்தது யார்? பெரும்பாலும் கூடப் படித்த பிள்ளைகள்! தோழன் பேசியதைக் கேட்டுப் பெரியவர்களிடம் சொன்னவர்கள். சொன்னால் தோழன் கையில் விலங்கு விழும் என்று தெரிந்தால் நாளை எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? வர்ஜீனியாவில் 2013 முதல் சட்டப்படியே ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு குழு உண்டு. ஆத்திரத்தில் வந்த வார்த்தையா, மெய்யான திட்டமா என்று ஆசிரியர், மனநல ஆலோசகர், காவலர் சேர்ந்து உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். முதல் வகையானால் சமாதானம் செய்து வகுப்புக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவதானால் காவலும் சிகிச்சையும். இதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். விலங்குக்கோ செலவு குறைவு!

துப்பாக்கியைத் தொட முடியாது என்பார்கள். 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுடப்பட்டார்கள். சாதாரண ஜனங்கள் மனு எழுதி வீதி வீதியாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. 1997-ல் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. அதன்பின் பிரிட்டனில் அப்படியொரு பள்ளிப் படுகொலை நடக்கவில்லை.

டென்னஸியிலும் 2023 ஏப்ரல் 18 அன்று, குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து சட்டசபை வரை சுமார் மூன்று மைல் தூரம் ஆயிரக்கணக்கானோர் கை கோத்து நின்றார்கள். ஆகஸ்டில் கூடிய விசேஷக் கூட்டத்தில் காகிதத் தட்டி பிடித்த பெண்களைச் சட்டசபைக் குழுவின் அறையிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போய் அந்தத் தடைக்குத் தடை வாங்கினார்கள். துப்பாக்கியைக் கட்டுப்படுத்த ஒரு வரிகூட எழுதாமலே கூட்டம் கலைந்தது. பெண்கள் கலையவில்லை.