கொதிக்கும் கல்லும் கரியமில வாயுவும்

கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதை அறியாதார் இலர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது. துளை என்றாலே குறை என்று கருதும் நமக்கு, துளையே பயனாகும் இடமும் உண்டு எனப் பானை உணர்த்துகிறது. கரியமில வாயுவைப் பிடித்துவைக்க இன்றைய அறிவியலாளர் நாடுவனவற்றுள்ளும் இத்தகைய நுண்துளைப் பொருள்கள் உண்டு.

அவற்றுள் நெடுநாள் அறியப்பட்டது சியோலைட். சூடேற்றியபோது நீராவியைக் கக்கிய ஒரு கல்லுக்கு, 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலார் கிரான்ஸ்டெட், கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் இப்பெயரைச் சூட்டினார். இன்று ஆலைகளிலும் இதனைச் செய்து, களிமண்ணோடு பிசைந்து, சிறு மணிகளாக்கிச் சுட்டெடுக்கின்றனர். ஒரு கிராம் கல்லின் உட்பரப்பு சில நூறு சதுர மீட்டர் விரியும். வாயு அதில் கரைவதில்லை; துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. 'உறிஞ்சுதல்' வேறு, 'பரப்புக் கவர்ச்சி' வேறு என்று பாடநூல்கள் பிரித்துரைப்பது இதனாலேயே. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்களின் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவை அகற்றவும் இக்கல் பயன்பட்டுள்ளது.

எனில், புகைபோக்கிதோறும் இக்கல்லை வைத்துவிட்டால் கவலை தீர்ந்துவிடுமா? தீராது என்பதே என் கருத்து. ஒரு கிலோ தூய கரி முழுதும் எரிந்தால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு பிறக்கும். நல்ல சியோலைட் ஒரு கிலோ, தூய வாயுவிலேயே ஏறத்தாழ 200 கிராம்தான் ஏற்கும். ஆகவே ஒரு கிலோ கரிக்குப் பதினெட்டுக் கிலோ கல் வேண்டும். புகையில் ஈரம் இருந்தாலோ, கல் வாயுவை விட்டு நீரையே முதலில் பற்றும். நிறைந்த கல்லை மீண்டும் பயன்படுத்த வேண்டுமெனில், சூடேற்றியோ அழுத்தம் குறைத்தோ வாயுவை வெளியேற்ற வேண்டும். அதற்குரிய ஆற்றலையும் நிலக்கரியை எரித்தே பெறுவோமாயின், பிடித்ததில் ஒரு பங்கு மீண்டும் புகையாகிவிடும்.

அதனால் இக்கல் வேண்டாம் என்பதன்று. சிமெண்டுச் சூளையை எண்ணிப் பாருங்கள். எரிபொருளை மாற்றினாலும், சூடேறும் சுண்ணாம்புக்கல் தானே கரியமில வாயுவை வெளியிடும். அங்கே புகை தவிர்க்க இயலாதது. கல்லின் துணை அங்கே தேவை. கதிரவனும் காற்றும் மின்சாரம் தரும் இடங்களிலோ தவிர்க்கக்கூடிய புகையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. பிடிக்கக் கல் இருக்கிறதென்று புகையைப் பெருக்குவது, மருந்து இருக்கிறதென்று நோயை வரவேற்பது போன்றதே.

1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவெடுக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று அது 420-ஐக் கடந்துவிட்டது. மாணவச் செல்வங்களே! அறிவியல் பயில்வோர் இக்கல்லின் ஆற்றலை வளர்ப்பீராக. தமிழ் பயில்வோர் அதன் ஆற்றலோடு எல்லையையும் மக்களுக்குத் தெளிவாக எடுத்துரைப்பீராக. பானை நீரைக் குளிர்விக்கும்; ஆயினும் அடுப்பின்மேல் வைத்த பானையிடம் குளிர்ந்த நீரை எதிர்பார்த்தல் பேதைமை.